எந்தப் பலகையில் ஈயம் வைப்பது?

பத்து எல்ஈடி விளக்குகள் வட்டமாக ஓடும்; குறித்த விளக்கில் பட்டனை அமுக்கி நிறுத்தினால் வெற்றி. முதல் விளையாட்டாக இதைச் செய்யுங்கள். துடிப்புக்கு ஒரு 555 ஐசி, எண்ணுவதற்கு ஒரு 4017 ஐசி, ஒரு 9 வோல்ட் பேட்டரி. புரோகிராம் எழுத வேண்டியதில்லை. 4017இன் 13ஆம் காலில் 9 வோல்ட் பட்டால் எண்ணுவது நின்றுவிடும். பட்டனுக்கு இடம் அதுதான். அமுக்காத நேரத்தில் அந்தக் காலை மைனஸோடு கட்டிவைக்க 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எல்லாம் வாங்கி வருவார்கள்.

இனிப் பலகை. செப்புத் தகட்டைப் பெரிக் குளோரைட்டில் அரித்து வீட்டிலேயே செய்யலாம். ஆனால் நானுஓயாவில் அதை நான் சொல்ல மாட்டேன். நம் குளிரில் கரைசல் மெதுவாகத்தான் அரிக்கும், தட்டைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய கவலை, மிஞ்சும் கரைசல். செம்பு கலந்த அந்தத் தண்ணீரைக் கானில் ஊற்றினால் ஓடைக்குப் போகும். கீழே ஏதோ ஒரு பீலியில் யாரோ குடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் பலகை வெரோ போர்டாகவே இருக்கட்டும். 2.54 மில்லிமீற்றர் இடைவெளியில் துளைகள், அடியில் செப்புக் கோடுகள். ஐசியின் இரண்டு வரிசைக் கால்களுக்கு நடுவே ஒவ்வொரு கோட்டையும் ட்ரில் பிட்டால் திருகி அறுக்க மறக்காதீர்கள். 4017 கொஞ்சம் பாடுபடுத்தும்: முதல் விளக்கு 3ஆம் காலில், அடுத்தது 2இல், பிறகு 4, 7, 10, 1 என்று தாவும். கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஆனால் பிழைத்துப்போன கம்பியைக் கழற்றி மாற்றலாம், அன்றைக்கே விளையாடலாம்.

ஐசிக்குப் பதில் சாக்கெட்டில் ஈயம் வையுங்கள். அயன் முனை செம்பையும் காலையும் சேர்த்து இரண்டு மூன்று விநாடி சூடாக்கட்டும். பிறகு ஈயத்தை முனையில் அல்ல, காலில் தொடுங்கள். கோபுரம்போலச் சரிந்து மினுங்கினால் பிடித்துவிட்டது. உருண்டையாகத் திரண்டால் மறுபடி சூடாக்குங்கள். புகைக்காக யன்னலைத் திறங்கள், ஆனால் குளிர்காற்று பலகையில் நேரே அடிக்க விடாதீர்கள். ரொட்டியைத் தொடுமுன் கை கழுவுங்கள். கையில் பட்டிருப்பது ஈயம்.

நண்பர்களும் கேட்கத் தொடங்கினால் மட்டும் கிகேட் மென்பொருளில் வரைந்து தொழிற்சாலைக்கு அனுப்புங்கள். கிகேட் இலவசம். பெரும்பாலும் குறைந்தது 5 பலகை எடுக்க வேண்டும். பலகை மலிவு, தபால் செலவுதான் கூட. வரைபடத்தில் பிழையிருந்தால் ஐந்திலும் அதே பிழை. அதனால் அனுப்புமுன் அதே அளவில் தாளில் அச்சடித்து, சாமான்களை அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். பட்டனின் கால்களை முதலில் பாருங்கள்.