ஹெடர் கார்டு காப்பாற்றாத இடம்

பிள்ளைச்சாவடியில் உள்ள புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ, காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலோ படித்துவிட்டு எம்பெடட் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு சி தெரியும். ஆனால் லேப் பயிற்சிகள் பெரும்பாலும் ஒரே ஃபைலில் முடிந்துவிடும். கம்பெனி புராஜெக்டில் அந்தப் பேச்சே கிடையாது.

இன்டர்வியூவுக்கு ஏற்ற கேள்வி ஒன்று. ஹெடரில் 'இன்ட் கவுன்ட் = 0' என்று எழுதி, கார்டும் போட்டாயிற்று. இரண்டு டாட் சி ஃபைல்கள் அதை இன்க்ளூட் செய்கின்றன. பில்ட் ஆகுமா? கார்டுதான் இருக்கிறதே என்று தோன்றும். ஆகாது. கம்பைலர் ஒவ்வொரு டாட் சியையும் தனித்தனியாகவே பார்க்கிறது. ஒரே டாட் சிக்குள் ஹெடர் இரண்டு முறை ஒட்டிக்கொள்வதைத்தான் கார்டு தடுக்கும். இரண்டு ஆப்ஜெக்ட் ஃபைலிலும் ஆளுக்கொரு கவுன்ட் உட்கார்ந்திருக்க, லிங்கர் 'மல்டிபிள் டெஃபினிஷன்' என்று நின்றுவிடும். ஹெடரில் 'எக்ஸ்டர்ன் இன்ட் கவுன்ட்' போதும். மதிப்போடு எழுதுவது ஒரே ஒரு டாட் சியில்.

அந்த '= 0' இல்லாமல் எழுதினால் பழைய ஜிசிசி கண்டுகொள்ளாது; லிங்கர் இரண்டையும் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். 2020-இல் வந்த ஜிசிசி 10 அந்தச் சலுகையை நிறுத்தியது. பழைய லேப் மெஷினில் ஓடிய புராஜெக்ட் புது உபுண்டுவில் படுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 'எஃப்காமன்' ஆப்ஷன் கொடுத்துச் சமாளிக்கலாம்தான். கோடைத் திருத்துவதே மேல்.

சோம்பலில் இன்னொன்று செய்வார்கள்: ஹெடரை விட்டுவிட்டு, தேவைப்படும் டாட் சியிலேயே எக்ஸ்டர்ன் வரியைக் கையால் எழுதுவது. ஒரு பக்கம் இன்ட், மறுபக்கம் லாங் என்று இருந்தாலும் லிங்கர் பொதுவாக மூச்சு விடாது, அது பெயரை மட்டும்தான் பொருத்துகிறது. போர்டில் மதிப்பு தாறுமாறாக வரும்போதுதான் தெரியும். எனவே ஒவ்வொரு டாட் சியும் தன் ஹெடரையே முதல் வரியில் இன்க்ளூட் செய்யட்டும். அறிவிப்பும் உள்ளிருப்பதும் முரண்பட்டால் கம்பைலரே பிடித்துவிடும். வெளியே யாரும் கூப்பிடாத ஃபங்ஷனுக்கு ஸ்டாடிக் போடுங்கள். டாட் சியை இன்க்ளூட் செய்யவே செய்யாதீர்கள்.

'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வந்தால் ஹெடரைத் துழாவாதீர்கள். அந்த டாட் சி மேக்ஃபைலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தும் வருகிறதென்றால் ஆப்ஜெக்ட் ஃபைலில் 'என்எம்' ஓட்டுங்கள்: பெயருக்கு முன்னால் 'யூ' என்றிருந்தால் அது வேறெங்கோ இருக்க வேண்டியது, 'டி' (T) என்றிருந்தால் ஃபங்ஷன் இங்கேயே இருக்கிறது.