ஒய்யாரம் – ஒரு சொல் விளக்கம்

அழகைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. எழில், வனப்பு, வடிவு, கவின் என்பன அவற்றுட் சில. இவை அசையாத பொருளுக்கும் பொருந்தும். மலருக்கு எழில் உண்டு. மலைக்கு வனப்பு உண்டு. 'ஒய்யாரம்' என்னும் சொல்லோ இவற்றினின்றும் வேறுபட்டது. நடையாலும் அசைவாலும் ஒப்பனையாலும் காண்போர் உள்ளத்தை ஈர்க்கும் அழகையே அது குறிக்கும்.

உலக வழக்கில் இச்சொல்லுக்குச் சற்றே இகழ்ச்சிப் பொருளும் உண்டு. ஒய்யாரக் கொண்டையைப் பற்றிய பழமொழி, புறத்தே பூவும் அகத்தே அழுக்குமாக வாழ்வோரை எள்ளுகிறது. மனிதனின் ஒய்யாரம் தன்னை உயர்த்திக் காட்டும் செருக்கிற் பிறப்பதே இதற்குக் காரணம்.

அங்ஙனமாயின், எம்பெருமான் வீதியில் எழுந்தருளும்போது அவனது ஒய்யாரத்தைக் கண்டு அடியார்கள் உருகுவது ஏன்?

ஆசாரியர்கள் திருமேனி அழகை இருவகையாகப் பிரித்துரைப்பர். ஒவ்வோர் அவயவத்தின் அழகு ஸௌந்தர்யம். அனைத்தும் திரண்ட அழகு லாவண்யம். திருப்பாணாழ்வார் அமலனாதிபிரானில், பள்ளிகொண்ட பெருமாளைத் திருவடி தொடங்கித் திருக்கண்கள் வரை முறையே அனுபவித்து, பின் திருமேனி முழுவதிலும் ஈடுபட்டார். இவ்விரு அழகும் கிடந்த கோலத்திலேயே கிட்டுவன. ஒய்யாரமோ அசைவின்றித் தோன்றாது. காஞ்சி வரதனுக்குக் குடையழகைக் கூறும் மூதுரை, அரங்கனுக்கு நடையழகைக் கூறியது இதனாலன்றோ!

கருவறையில் பெரிய பெருமாள் பள்ளிகொண்டிருக்க, நம்பெருமாள் வீதிக்கு எழுந்தருளுகிறார். சந்நிதிக்கு வர இயலாத முதியோரும் நோயுற்றோரும் தத்தம் வாயிலிலேயே சேவிக்குமாறு வருகிறார். மனிதன் தன்னைப் பிறர் புகழவேண்டிக் காட்டுகிறான். எம்பெருமானோ பிறர் உய்யவேண்டித் தன்னைக் காட்டுகிறான். ஆதலின், அங்கே குற்றமாக நின்றது இங்கே ஸௌலப்யம் என்னும் குணமாயிற்று.

இன்னும் ஒன்று. அத்திருநடை ஸ்ரீபாதம் தாங்குவாரின் அடிகளால் அமைவது. தோளும் தோளும் ஒத்து, அடியும் அடியும் ஒத்து அவர்கள் செல்லவேண்டும். ஒருவர் தம் நடையைத் தனித்துக் காட்ட முற்பட்டாலும் தோளுக்கினியான் சாய்ந்துவிடும். தம் ஒய்யாரத்தை ஒழித்தவர் தோளின் மீதே எம்பெருமானின் ஒய்யாரம் துலங்குகிறது.

திருவிழாக் காண வந்த அடியார்கள், திருமுகமண்டலத்தைச் சேவித்தபின் அத்தோள்களையும் ஒருகணம் நோக்குவாராக. இச்சொல்லின் முழுப்பொருள் அங்கே விளங்கும்.