உப்புக் காற்றில் கயாக்: துடுப்புப் போடும் வீட்டுக்குச் சில குறிப்புகள்

மரக்காணத்தில் உப்பை விளைவிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. அதைக் கழுவித் தொலைக்கத் தெரிந்திருக்க வேண்டியது கயாக் வாங்கிய வீடு. ஆந்திரத்திலிருந்து கிளம்பும் பக்கிங்ஹாம் கால்வாய் எங்கள் ஊர்ப் பக்கம் வந்துதான் முடிகிறது. நாற்பதைத் தாண்டிய பிறகு அதில் சும்மா மிதக்க ஆரம்பித்தேன். பிறகு மகளோடு போட்டி போட்டு, இப்போது பந்தயங்களுக்கும் பெயர் கொடுக்கிறேன். கற்றதில் பாதி தண்ணீரில், மீதி கொல்லைப்புறத்துத் துவைகல்லில்.

1. முதல் படகு மேலே உட்காரும் வகையாக இருக்கட்டும். கால்களை உள்ளே நுழைத்து உட்காரும் ஒல்லிப் பந்தயப் படகு பார்க்க அழகு. கவிழ்ந்தால் தண்ணீர் நிறையும், புதியவர் திணறிப்போவார். மேலே உட்காரும் வகை கவிழ்ந்தாலும் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். துடுப்பின் நீளத்துக்கு ஒரு குத்துமதிப்பு: துடுப்பை நிறுத்திவைத்துக் கையை உயர்த்தினால் விரல் நுனிகள் அதன் உச்சியில் மடங்க வேண்டும்.

2. ஒட்டடைக் குச்சியை எடுங்கள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, குச்சியைத் தலைமேல் வைத்து, இரண்டு முழங்கையும் சதுரமாக மடங்கும் இடத்தில் பிடியுங்கள். துடுப்பிலும் அதுதான் பிடி. இனி கையை மறந்துவிட்டு இடுப்புக்கு மேலே உள்ள உடம்பை வலமும் இடமுமாகத் திருப்புங்கள். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். இது எந்தப் பயிற்சியாளரும் சொல்லும் முன்பே கட்டுமரத்துப் பெரியவர் ஒருவர் கரையிலிருந்து கத்திச் சொன்னது: “ஏம்மா, கையால ஏன் இழுக்குற? இடுப்பத் திருப்பு, கால ஊணு!” வலப்பக்கம் துடுப்பு விழும்போது வலது கால் படகை அழுத்த வேண்டும். தோள் வலி வந்தால் இடுப்பு திரும்பவில்லை என்று பொருள்.

3. முதலில் கவிழப் பழகுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டோடு, வேண்டுமென்றே கவிழ்ந்து ஏற வேண்டும். ஏறும்போது வயிறு முதலில் படகின் குறுக்கே விழட்டும். அப்புறம் புரண்டு உட்காரலாம். இது கைவராத பிள்ளைகளை ஆழத்துக்கு அனுப்பாதீர்கள்.

4. தினசரி காலண்டரைக் கிழித்துப் போடும் முன் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற வற்றம் அதிகம். எங்கள் பக்கத்து எடையன்திட்டு முகத்துவாரத்தில் இழுப்பும் அதிகம். ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். இன்று ஏறிய நேரத்தோடு ஏறத்தாழ இரண்டு நாழிகை, அதாவது 50 நிமிடம் கூட்டினால் நாளைய நேரம் கிடைக்கும். வற்றும் நேரத்தில் முகத்துவாரத்துப் பக்கம் போகவே வேண்டாம். தண்ணீர் கடலுக்குப் போகும், உங்களையும் கூட்டிக்கொண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கழுவேலி ஏரியின் மழைவெள்ளமும் அதே வழியாகத்தான் வெளியேறுகிறது. அந்த இரண்டு மாதம் படகு கொல்லையில் கிடக்கட்டும்.

5. விடிகாலையில் கரைக்காற்று மெல்ல வீசும், பகல் ஏறினால் கடற்காற்று முறுக்கும். காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புங்கள். கடலில் மட்டும் கரைக்காற்றில் ஒரு ஆபத்து உண்டு: கரையிலிருந்து காற்று அடிக்கும்போது தண்ணீர் கண்ணாடியாய்த் தெரியும், திரும்பி வருவதற்குள் உயிர் போகும்.

6. இப்போது உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கோடையில் ஓட்டமில்லாத உப்பங்கழியில் அதைவிட அதிகமாகவே இருக்கும். துணியைப் பிழிந்து காயப்போட்டால் தண்ணீர் போகும், உப்பு போகாது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை மறுபடி உறிஞ்சும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அதே கதைதான் உங்கள் டி-ஷர்ட்டிலும் நடக்கிறது. கொடியில் இரண்டு நாள் கிடந்தும் பிசுபிசுக்கிற துணிக்கு வெயில் போதவில்லை என்று நினைக்காதீர்கள். அதற்குத் தேவை நல்ல தண்ணீர். சோப்பு முதலில் கூடாது, உப்புத் தண்ணீரில் நுரை வராமல் வீணாகும். மூன்று வாளி வையுங்கள். முதல் வாளியில் முக்கி எடுத்துப் பிழியாமல் வடியவிட்டு இரண்டாவதில் முக்குங்கள், பிறகு மூன்றாவது. மறுநாள் மூன்றாம் வாளித் தண்ணீரே முதல் வாளி ஆகலாம். போர் தண்ணீர் கரிக்கும் வீடுகளில் கடைசி வாளிக்காவது குடிநீர்க் குழாய்த் தண்ணீர் வேண்டும். துணி காய்ந்ததும் ஓரத்தை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் இன்னொரு முக்கு.

7. ஜிப் இறுகிவிட்டால் இழுத்துப் போராடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். காய்ந்தபின் மெழுகுவத்தியை இரண்டு பக்கமும் ஓட்டினால் போதும். சமையல் எண்ணெய் விட்டால் மணல் ஒட்டும்.

8. லைஃப் ஜாக்கெட்டை உட்காரும் தலையணை ஆக்காதீர்கள். உள்ளே உள்ள நுரை அமுங்கினால் மிதப்பு குறையும். பிளீச்சிங் பவுடர் கிட்டவே வரக்கூடாது. நிழலில் உலர்த்துங்கள்.

9. பிளாஸ்டிக் படகைத் திருகும் எதிரி வெயில். மரநிழலில், பழைய டயர் இரண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். காற்றடைத்த படகைக் கரையில் இழுத்துப் போட்டதும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட வேண்டும். உள்காற்று சூடாகி விரிந்தால் தையல் பிரியும்.

10. போன் உறையை நம்பும் முன், உள்ளே டிஷ்யூ காகிதம் வைத்து வாளியில் அமுக்கிப் பாருங்கள்.

11. நீர்மோர் நல்லதுதான், ஆனால் வெயிலில் புளித்துவிடும். அதற்குப் பதில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு சமமட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து எடுத்துப் போங்கள். தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் பாத்தியில் வெள்ளை உப்பைப் பார்த்தே நாள் கழிக்கும் தொழிலாளியின் கண்களைப் பார்க்கட்டும்.

12. கைக்குத் தேங்காய் எண்ணெய் கரையேறிய பிறகுதான். முன்னால் தடவினால் துடுப்பு வழுக்கும். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். இறுக்கிப் பிடிப்பவர்களுக்குத்தான் கொப்புளம் வரும்.

13. குறுக்குவழி என்று உப்புப் பாத்திக்குள் படகைத் தூக்கிக்கொண்டு இறங்காதீர்கள். அந்தத் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கியிருக்கிறார்கள். உங்கள் தடம் அவர்களுக்கு மறு வேலை. கழுவேலி 2021 இறுதியில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வனத்துறையைக் கேட்காமல் துடுப்பை நனைக்கக் கூடாது. கால்வாயில் வலைக் கம்பு தெரிந்தால் நன்றாக ஒதுங்கிப் போங்கள்.

14. பந்தய ஆசை வந்தவர்களுக்கு: கயாக் என்றால் உட்கார்ந்து இருபக்கத் துடுப்பு, கனோ என்றால் ஒரு முழங்காலை ஊன்றி ஒருபக்கத் துடுப்பு. ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023 அக்டோபரில், அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும் 1000 மீட்டர் இரட்டையர் கனோவில் வெண்கலம் வாங்கியபோது எங்கள் மீனவக் குப்பத்துப் பிள்ளைகளும் செய்யக்கூடியதுதானே என்று தோன்றியது, இன்னும் தோன்றுகிறது. முழங்காலில் நின்று துடுப்புப் போடுவது இங்கே யாருக்கும் புதிதில்லை, படகும் பயிற்சியாளரும்தான் இல்லை.

பயிற்சிக்கு ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். போட்டியன்று இரண்டு மணி நேரம் முன்பே இட்லி, வாழைப்பழத்தோடு நிறுத்துங்கள். புதுப் பண்டம் எதுவும் வேண்டாம். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் பறப்பார்கள். நீங்கள் முதல் ஐந்தாறு துடுப்பைப் பாதி நீளத்தில் போட்டுப் படகைக் கிளப்பி, அப்புறம் நீளத்தைக் கூட்டுங்கள். முன்னால் பறந்தவர்களில் பாதிப் பேரை நடுவழியில் பிடித்துவிடலாம்.