மீசை வைத்த சுந்தராம்பாள்

ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு ராஜா வேஷம். ஒத்திகையில் மீசை ஒட்டினதும், "பொண்ணுக்கு மீசையா?" என்று பசங்க சிரித்தார்கள். அழுதுட்டேன். அப்போ பாட்டி சொன்ன கதைதான் கே.பி.சுந்தராம்பாள்.

1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். வறுமையால் சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கினாராம். (நம்ம கும்மிடிப்பூண்டி ரயிலிலும் பாடி வருவாங்களே, பார்த்திருப்பீங்க.) பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். மைக் இல்லாத காலம். கடைசி வரிசை வரைக்கும் குரல் எட்டணும். ஆண் வேஷம், பெண் வேஷம் இரண்டும் போட்டார். இலங்கை மேடைகளிலும் பாடினார்.

கணவர் எஸ்.ஜி.கிட்டப்பாவும் பெரிய நாடகப் பாடகர். 1933-ல் அவர் இறந்தபோது இவருக்கு 25 வயசுதான். வெள்ளைப் புடவை உடுத்தினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதோடு முடங்கிடலை. 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார்! சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம், யோசிச்சுப் பாருங்க.

1951-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினர். சினிமாக் கலைஞர் ஒருவர் இந்தியாவில் அப்படிப் போனது அதுதான் முதல் தடவை. 1953-ல் 'ஔவையார்', 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் காலமானார்.

விழா அன்னைக்கு என் மீசை பாதியில் பிய்ந்து தொங்கியது. நான் வசனத்தை நிறுத்தலை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சாம்.

- 9-ஆம் வகுப்பு மாணவி