யூரியா கூடினால் நெல் கூடுமா?

கிராமத்து மளிகைக் கடையின் பற்று, அறுவடை முடிந்தால்தான் தீரும். ஆகவே அனுப்பம்பட்டு, பொன்னேரி பக்கத்து வயலில் விழும் உரம் நம் பேரேட்டையும் தொடுகிறது.

மத்திய, நீண்ட கால ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை, எக்டருக்குத் தழைச்சத்து 150 கிலோ, மணிச்சத்து 50, சாம்பல்சத்து 50. ஏக்கருக்குத் தழைச்சத்து சுமார் 60 கிலோ வரும். யூரியாவில் இருப்பது 46 சதவீதம். 45 கிலோ மூட்டை மூன்றிலேயே கணக்கு நிறைந்துவிடும். டி.ஏ.பி. இட்டிருந்தால் அதிலுள்ள 18 சதவீதத்தையும் கழிக்க வேண்டும்.

குறைந்தால் பயிர் வெளுக்கும், தூர் கட்டாது. இந்த அளவுவரை உரம் ஏற மகசூலும் ஏறும். மிஞ்சினாலோ இலைதான் கரும்பச்சையாகக் கொழிக்கும். (பார்க்க அழகுதான்!) தண்டு வலுவிழந்து கார்த்திகை மழையில் சாயும், புகையானும் குலைநோயும் பெருகும், பதர் மிகும். சாய்ந்து நனைந்த நெல் ஆலையில் நொய்யாகிறது. அந்த அரிசியை நாம் என்ன விலைக்கு விற்பது?

மூன்று மூட்டையையும் ஒரேயடியாகக் கொட்டுவதும் வீண். அடியுரமாகவும், தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் நான்காகப் பிரித்து இட வேண்டும். உர உரிமம் பெற்ற நம் அன்பர்கள், நாலாவது மூட்டை கேட்பவரிடம் இலையை வண்ண அட்டையோடு ஒப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.