எந்த மாதம், எந்தக் கரை? ஸ்காட்லாந்தில் கடற்பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

வசந்தத்தில் ஸ்காட்லாந்து போகிறவர்களில் பலருக்கு பஃபின் என்ற கடற்பறவையைப் பார்க்க ஆசை. ஆரஞ்சுக் கால், வண்ண அலகு, புறா அளவுதான் உடம்பு. ஆனால் இடத்தை முடிவு செய்யும் முன் மாதத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். ஏப்ரலில் பஃபின்கள் ஒரு நாள் கூட்டமாக வந்து இறங்கும். மறுநாள் மொத்தமும் கடலுக்குப் போய்விடும். மே மாதம் பாதி கழிந்த பிறகுதான் நம்பிப் போகலாம். ஆகஸ்ட் பிறக்கும்போது பெரும்பாலும் கிளம்பியிருக்கும்.

ஏப்ரல் பயணம் என்றால் ஸ்டோன்ஹேவனுக்குத் தெற்கே உள்ள ஃபௌல்ஷூ பாறைக்கரைதான் என் தேர்வு. படகு வேண்டாம், கரையோரப் பாதையில் நடந்தாலே போதும். கடல் குடைந்த இடங்களில் பாறை உள்வாங்கியிருப்பதால், இந்தப் பக்கம் நின்றால் எதிர்ச்சுவரில் இருக்கும் பறவைகள் கண்ணுக்கு நேரே தெரியும். கிட்டிவேக் என்ற பறவை தன் பெயரையே சொல்லிக் கத்தும். மே பிறந்ததும் கில்லிமாட் என்ற இன்னொரு பறவை முட்டையிடத் தொடங்கும். கூடு கிடையாது, வெறும் பாறைத் திட்டில் ஒரே ஒரு முட்டை. ஒருபக்கம் கூர்மையாக, பேரிக்காய் வடிவில். ஒவ்வொன்றிலும் நிறமும் கோடுகளும் வேறுவேறு. அத்தனை நெரிசலிலும் தாய் தன் முட்டையை அடையாளம் கண்டுகொள்கிறது. இங்கே பஃபின் குறைவு. பாறை விளிம்பில் தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு, சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

பறவைகளோடு சீலும் பார்க்க வேண்டுமானால் அபர்டீனுக்கு வடக்கே நியூபர்க். ஐதன் ஆற்று முகத்துவார மணலில் சீல்கள் கூட்டமாகப் படுத்திருக்கும். தென்கரையில் நின்றே பைனாகுலரில் பாருங்கள். கிட்டப் போனால் மிரண்டு தண்ணீரில் விழும்.

மே கடைசியில் போகிறவர்களுக்கு இரண்டு படகுப் பயணங்கள். ஒன்று நார்த் பெர்விக்கிலிருந்து பாஸ் ராக் என்ற பாறைத்தீவுக்கு. எடின்பரோவிலிருந்து ரயிலில் அரைமணி நேரத்தில் அந்த ஊர் வந்துவிடும். தொலைவில் பாறை வெள்ளையடித்ததுபோல் தெரியும்; வெள்ளை முழுக்கக் கானெட் என்ற கடற்பறவைகளும் அவற்றின் எச்சமும்தான். 2014இல் 75,000க்கும் மேற்பட்ட கூடுகளோடு உலகிலேயே பெரிய கானெட் குடியிருப்பாக இருந்தது. 2022இல் பறவைக் காய்ச்சல் வந்தது. 2023இல் எண்ணியபோது ஏறத்தாழ 52,000 கூடுகள்தான். நோயில் பிழைத்த சில பறவைகளின் வெளிர்நீலக் கண்கள் கறுத்துவிட்டன. படகு நெருங்கும்போது அந்தக் கண்களைத் தேடிப் பாருங்கள், மனம் கனத்துப்போகும்.

இன்னொன்று ஆன்ஸ்ட்ரதரிலிருந்து ஐல் ஆஃப் மே தீவுக்கு. ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் இதற்கே போங்கள். பாஸ் ராக்கைப் பெரும்பாலும் படகிலிருந்தபடியே பார்க்க வேண்டியிருக்கும். இங்கே தீவில் இறங்கி இரண்டு மூன்று மணி நேரம் நடக்கலாம். பல்லாயிரம் சோடி பஃபின்கள் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்கின்றன. குஞ்சு பொரித்த பிறகு, அலகு நிறைய மணல்விலாங்கு மீன்களைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக வந்து இறங்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் வளைக்குள் நுழைந்துவிடும். வளைவாசலை மறித்து நின்று படம் எடுக்காதீர்கள். நீங்கள் நிற்கும்வரை குஞ்சுக்கு இரை போகாது. படகுத்துறைக்குப் பக்கத்தில் ஆலாக்கள் தலையில் கொத்தும். எது உயரமோ அதைத்தான் தாக்கும் என்பதால், தொப்பி போட்டுக்கொண்டு ஒரு குச்சியைத் தலைக்கு மேல் பிடித்து நடங்கள்.

தீவில் பாதையை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள், காலடி மண்ணுக்குள் பஃபின் வளை இருக்கும். கிழக்குக் காற்று பலத்தால் படகு போகாது. முந்தின நாள் மாலையே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.