தண்ணீர்தான் போயிருக்கிறது, கிருமி போகவில்லை

ஜிப் வைத்த கனமான பை. பிரித்தால் உள்ளே பழுப்பு நிறத்தில், கையில் எடுத்தால் எடையே தெரியாத சின்னச் சின்னக் கட்டிகள். கோழிக்கறி, ஈரல், இதயம், சில வகைகளில் அரைத்த எலும்பும் சேர்ந்தது. பையின் மேல் ‘ஃப்ரீஸ் டிரைடு ரா’ என்று போட்டிருக்கும். ஆன்லைனிலும் பெரிய ஊர்களின் பெட் ஷாப்களிலும் கிடைக்கிற இந்த நாய் உணவு சாதாரண டிரை ஃபுட்டைவிடப் பல மடங்கு விலை. நாயைப் பிள்ளையைப்போல வளர்ப்பவர்கள்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். அவர்களுடைய அக்கறையில் குறையில்லை. ஆனால் விற்பவர் சொல்வதும், வாட்ஸ்அப்பில் வருவதும், பூங்காவில் நாயோடு நடக்கும்போது காதில் விழுவதுமாகச் சேர்ந்த பல நம்பிக்கைகள் தவறானவை. அந்தத் தவறுக்கு விலை கொடுப்பது பல நேரங்களில் நாய்கூட இல்லை, வீட்டில் இருக்கும் குழந்தையும் பாட்டியும்தான்.

நாய்க்குப் பச்சை இறைச்சியும் எலும்பும்தான் இயற்கை உணவு என்ற கருத்தைப் பரவலாக்கியவர் இயன் பில்லிங்கர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர். 1993-இல் அவர் எழுதிய ‘கிவ் யுவர் டாக் எ போன்’ என்ற புத்தகத்துக்குப் பிறகு அது ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. பச்சைக் கறியை வீட்டில் வைத்துக் கையாள்வது சிரமம் என்றவர்களுக்கு விடையாக வந்ததுதான் உறையவைத்து உலர்த்திய இந்த வகை.

நம்பிக்கை: “உறையவைத்து, காயவும் வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் கிருமி எங்கே இருக்கும்?”

எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான். இறைச்சியைக் கடுங்குளிரில் உறையவைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் வைப்பார்கள். அங்கே பனிக்கட்டி உருகித் தண்ணீராகாமல் நேராக ஆவியாகிப் போய்விடும். சூடு பெரிதாகப் படுவதில்லை. அதனால்தான் கறியின் சத்தும் வடிவமும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. கிருமிகளும் அப்படியே நிற்பதற்கு அதுவேதான் காரணம்.

இதற்குச் சான்று தேடி வெளியே போக வேண்டியதில்லை. சென்னை கிண்டியில் 1948-இல் தொடங்கப்பட்ட பிசிஜி தடுப்பூசி ஆய்வகத்தைப் பலருக்குத் தெரிந்திருக்கும். நம் ஊரில் பிறந்த குழந்தைக்குக் கையில் போடுகிற அந்த பிசிஜி தடுப்பூசி, வீரியம் குறைத்த உயிருள்ள பாக்டீரியா. சின்னக் குப்பிக்குள் அது இருப்பது உறையவைத்து உலர்த்திய பொடியாக. உப்புக் கரைசல் சேர்த்ததும் உயிரோடு இருக்கும் கிருமிகள் செயல்படத் தொடங்கும். தடுப்பூசி வேலை செய்வதே அதனால்தான். உலகமெங்கும் ஆய்வகங்கள் பாக்டீரியா வகைகளைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைப்பதும் இதே முறையில்தான். கிருமியைக் காப்பாற்றி வைக்கப் பயன்படும் ஒரு முறை, நாய் உணவில் மட்டும் கிருமியைக் கொன்றுவிடும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

அந்தக் கறியில் தொடக்கத்தில் கிருமி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், எஃப்டிஏ, 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில் 196 பச்சைச் செல்லப்பிராணி உணவு மாதிரிகளைச் சோதித்தது. 15 மாதிரிகளில் சால்மோனெல்லாவும், 32 மாதிரிகளில் லிஸ்டீரியாவும் இருந்தன. அவை பெரும்பாலும் ஃப்ரீசரில் வைத்து விற்கிற வகைகள். ஆனால் உலர்த்திய கட்டிக்குள் போவதும் அதே மாதிரியான சமைக்காத கறிதான்.

சில நிறுவனங்கள் கறியை மிக உயர்ந்த அழுத்தத்துக்கு உட்படுத்துகின்றன. காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ 6,000 மடங்கு. இது கிருமிகளை நன்றாகவே குறைக்கும், சூடும் தேவையில்லை. ஆனால் எல்லா நிறுவனங்களும் இதைச் செய்வதில்லை. செய்தாலும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் தப்பிவிடும். பையில் இந்த உயர் அழுத்த முறையைக் குறிக்கும் ‘ஹெச்பிபி’ என்று போட்டிருந்தால் ஆபத்து குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நம்பிக்கை: “நாயின் வயிறு எதையும் தாங்கும்.”

பாதி உண்மை. சால்மோனெல்லா உள்ள கறியைத் தின்றுவிட்டுப் பல நாய்கள் ஒன்றும் ஆகாததுபோல வாலாட்டிக்கொண்டு திரியும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கனடாவில் செய்து 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கிருமி கலந்த பச்சை உணவை 16 நாய்களுக்கு ஒரே ஒரு வேளை கொடுத்தார்கள். அவற்றில் 7 நாய்கள் பிறகு ஒரு வாரம் வரை மலத்தில் சால்மோனெல்லாவை வெளியேற்றின. பார்ப்பதற்கு எல்லாம் நலமாகவே இருந்தன.

நம் வீடுகளில் நாய் எப்படிச் சாப்பிடுகிறது என்று கொஞ்சம் பாருங்கள். சமையலறைத் தரையிலோ பால்கனி ஓரத்திலோ ஒரு ஸ்டீல் தட்டு. நாய் கட்டியைத் தட்டிலிருந்து இழுத்துத் தரையில் போட்டுத்தான் தின்னும். பொடி உதிரும். அதே தரையில் தவழுகிற குழந்தை கையை வாயில் வைக்கும். தட்டு நம் தட்டுகளோடு அதே சிங்க்கில், அதே ஸ்க்ரப்பரில் கழுவப்படும். சாப்பிட்ட வாயோடு நாய் வந்து முகத்தை நக்கும். பச்சைக் கோழியை வெட்டிய பலகையில் யாரும் தக்காளி நறுக்குவதில்லை. அந்தக் கவனம் இந்த உலர்ந்த கட்டி விஷயத்தில் நமக்கு வருவதில்லை, ஏனென்றால் அது பிஸ்கட்போல இருக்கிறது.

பிரிட்டனில் 2017-இல் ஈ.கோலை ஓ157 என்ற கொடிய வகைக் கிருமி நான்கு பேரைத் தாக்கியது. ஒருவர் இறந்தார். நாய்களுக்குக் கொடுத்த பச்சை இறைச்சி உணவுதான் மூலம் என்று அங்குள்ள பொதுச் சுகாதாரத் துறை சுட்டிக்காட்டியது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012 முதலே நாய்க்கும் பூனைக்கும் சமைக்காத இறைச்சி கொடுப்பதை ஆதரிப்பதில்லை. பூனையும் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பச்சை உணவு தின்ற வீட்டுப் பூனை ஒன்று எச்5என்1 பறவைக் காய்ச்சலால் இறந்தது. வைரஸ் அந்த உணவிலேயே இருந்தது சோதனையில் தெரியவந்தது.

வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், கீமோ எடுப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் யாராவது இருந்தால் என் கருத்து ஒன்றுதான்: இந்த உணவு அந்த வீட்டுக்கு வேண்டாம்.

சாதாரண டிரை ஃபுட்டும் முழுக்கச் சுத்தமானது என்று சொல்ல முடியாது. 2012-இல் சால்மோனெல்லா கலந்த டிரை ஃபுட்டால் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 49 பேர் நோயுற்றார்கள். எதைப் போட்டாலும் கையைக் கழுவத்தான் வேண்டும். ஆனால் டிரை ஃபுட் தயாரிப்பில் கிருமியைக் கொல்லும் சூடு இருக்கிறது. பச்சை உணவில் அது இல்லை.

நம்பிக்கை: “வெந்நீர் ஊற்றி ஊறவைத்தால் கிருமி செத்துவிடும்.”

சாகாது. கோழி இறைச்சியின் உட்புறம் 74 டிகிரி செல்சியஸ் தொட்டாக வேண்டும். கிண்ணத்தில் ஊற்றிய வெந்நீர் கட்டியில் பட்டதுமே சூடு இறங்கிவிடும். அடுப்பில் வைத்து முழுதாக வேகவைத்தால் சரிதான். அப்போது அது சமைத்த உணவு. அதைக் கடைக் கறியிலேயே மலிவாகச் செய்யலாமே.

நம்பிக்கை: “நாய் ஓநாயின் வாரிசு. சோறு அதற்கு ஆகாது.”

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் ‘நேச்சர்’ இதழில் நாய், ஓநாய் மரபணுக்களை ஒப்பிட்டு எழுதினார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள். நாய்களிடம் 4 முதல் 30 வரை. மனிதனோடு வாழ்ந்து, மனிதன் தின்றதைத் தின்று, நாயின் உடலே மாறியிருக்கிறது. நம் ஊர்த் தெருக்களிலும் வயல்களிலும் தலைமுறை தலைமுறையாக மிச்சச் சோற்றில் வளர்ந்த நாய்களைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தியும் அல்ல. அதற்காகத் தயிர்ச் சாதம் மட்டுமே போதும் என்று ஆகாது. புரதமும் கொழுப்பும் கால்சியமும் வேண்டும். ஆனால் ‘தானியம் விஷம்’ என்று சொல்லி பச்சைக் கறியை விற்பவரின் பேச்சை நம்ப வேண்டியதில்லை.

பச்சை உணவில் உள்ள நொதிகள் செரிமானத்துக்கு அவசியம் என்பதும் இதே வகைப் பேச்சுதான். நாயின் கணையம் தனக்கு வேண்டிய நொதிகளைத் தானே சுரக்கிறது. பல் சுத்தமாகும் என்பார்கள். நுனிவிரலால் அழுத்தினாலே நொறுங்குகிற கட்டி எந்தப் பல்லைத் தேய்க்கும்? மலம் குறைவாகவும் கெட்டியாகவும் வரும் என்பது மட்டும் பெரும்பாலும் சரி. நன்றாகச் செரிக்கிற புரதமும் கொழுப்பும் அதிகம் என்பதால் அப்படி. ரோமப் பளபளப்பும் அந்தக் கொழுப்பு தந்ததே. நன்றாகத் தயாரித்த சமைத்த உணவிலும் இரண்டும் கிடைக்கும்.

நம்பிக்கை: “பை நிறையக் கறி, இதைவிட முழுமையான உணவு ஏது?”

பையின் பின்புறத்தைப் படியுங்கள். ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்று எந்த வயது நாய்க்கு என்பதோடு எழுதியிருந்தால்தான் அது முழு உணவு. ‘டாப்பர்’, ‘ட்ரீட்’, ‘சப்ளிமென்டல்’ என்றிருந்தால் வேறு உணவின் மேல் கொஞ்சம் தூவத்தான். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் மிகச் சொற்பம். வளரும் குட்டிக்கு அதை மட்டுமே கொடுத்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். கால் வளையும், சின்னத் துள்ளலில்கூட எலும்பு முறியும். கிரேட் டேன், லாப்ரடார் போன்ற பெரிய இனக் குட்டிகளில் இது விரைவாகவே தெரியும்.

அளவிலும் ஏமாந்துபோவோம். பச்சைக் கறியில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். அது போன பிறகு 100 கிராம் கட்டி என்பது 300 கிராமுக்கு மேற்பட்ட கறி. இரண்டு கைப்பிடி எடுத்துச் சின்ன நாய்க்குப் போட்டால் ஒரு நாள் உணவே முடிந்திருக்கும். கண்மதிப்பு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

நம்பிக்கை: “பயணத்துக்கு இதைப்போல வசதியான உணவு கிடையாது.”

எடை குறைவு, பிரிக்காத பைக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம். அந்த இரண்டும் சரி. மற்ற எல்லாமே பயணத்தில்தான் கூடுதலாகச் சிரமம் தரும்.

நம் ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள ஏசி முதல் வகுப்பில் கூபே முழுவதையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு வேனில் உள்ள நாய்க்கூண்டுதான். கூண்டில் போகும் நாய்க்கு வண்டி நிற்கிற சில நிமிடங்களில் ஓடிப்போய்ச் சாப்பாடு வைக்க வேண்டும். அந்த அவசரத்தில் சோப்பும் தண்ணீரும் எங்கே? கொழுப்புப் படிந்த கைக்கு சானிடைசர் போதாது. அந்தக் கையாலேயே டிக்கெட்டையும் பணத்தையும் எடுப்போம், பிளாட்பாரத்தில் வடை வாங்கித் தின்போம்.

ஊறவைத்த நொடியில் அது பச்சைக் கறி. சாதாரண அறைச் சூட்டில் இரண்டு மணி நேரம்தான் வைக்கலாம். 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம். நம் கோடைக்கு இரண்டாவது கணக்குதான் பொருந்தும். நாய் மீதம் வைத்ததை மூடி எடுத்துப்போய் அடுத்த நிறுத்தத்தில் கொடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். அப்படியே உலர்ந்த கட்டியாகப் போட்டால் இன்னொரு கவலை. பயணத்தில் நாய் பொதுவாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கும்; உணவிலும் தண்ணீர் இல்லையென்றால் உடல் வற்றும். பிரித்த பை சென்னைக் கடற்கரைக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கட்டி நொறுங்காமல் மெத்தென்று அமுங்கினால் அதைப் போடாதீர்கள்.

வெளிநாடு போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சிப் பொருள்களைக் கொண்டுபோக முடியாது. மருத்துவக் காரணத்துக்கான செல்லப்பிராணி உணவுக்கு மட்டும் நிபந்தனைகளோடு 2 கிலோ வரை விலக்கு உண்டு. மற்ற பல நாடுகளிலும் இறைச்சி உணவுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, விமான நிலையத்தில் பையைப் பறிகொடுக்க நேரும். மருத்துவமனைகளுக்கு நாய்களை அழைத்துச் செல்லும் அமெரிக்கத் தொண்டு அமைப்பான பெட் பார்ட்னர்ஸ், பச்சை இறைச்சி தின்னும் நாய்களை 2010 முதல் சேர்த்துக்கொள்வதில்லை. இதுபோன்ற விதி போர்டிங்கிலும் இருக்கலாம்; நாயை அங்கே விட்டுப் போவதானால் இந்த உணவை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயண நாட்களுக்குச் சமைத்த வகை உணவோ நல்ல டிரை ஃபுட்டோ போதும். புறப்படும் நாளில் புதிதாகத் தொடங்காமல், ஏழு முதல் பத்து நாட்கள் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கிவிடுங்கள். கார் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டால் வாந்தி குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் இதையே கொடுக்க விரும்பினால், நாய்க்கெனத் தனித் தட்டு, தனி ஸ்க்ரப்பர், தனிக் கரண்டி வையுங்கள். தின்ற இடத்தை உடனே துடையுங்கள், கையை சோப்பு போட்டு இருபது விநாடி கழுவுங்கள், நாயின் மலத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். நாய்க்கு வயிற்றுப்போக்கு வந்தால் கால்நடை மருத்துவரிடம் பச்சை உணவு தருவதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலோடு பேதி வந்தால் குழந்தை மருத்துவரிடமும் அதைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் கேட்கமாட்டார்.